என் வாரம், அவன் வாரம்

முதல் இழுப்பை நம்பக் கூடாது.
ஜூனிபர் மூச்சைப் பிடித்துக்கொண்டு
வயிற்றை உப்பிக் காட்டுவாள்,
இப்போதுதான் பந்தியிலிருந்து எழுந்தவள்போல.
வாரை ஒரு சுற்று இழுத்துவிட்டு
வேறு வேலை பார்ப்பதாக நடிப்பேன்.
கடிவாளத்தைத் துடைப்பேன், காற்றைத் திட்டுவேன்.
அவள் மூச்சை விடும்போது இன்னொரு விரற்கடை.
பத்தடி நடத்திவிட்டு இன்னும் ஒன்று.
வயிற்றுப்பட்டைக்கும் தோலுக்கும் இடையில்
இரண்டு விரல் நுழைய வேண்டும்.
நான்கு நுழைந்தால் நான் புல்லில் கிடப்பேன்.

இந்தச் சேணம்
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
நானும் ஹால்வரும் வாங்கியது.
பில்லிங்ஸில், ஒரு பிப்ரவரியில்,
டிரக்குக்குப் புது டயர் போடாமல்.

லூயிஸ்டவுன் நீதிமன்றத்துக்கு
டை கட்டி வந்திருந்தான்.
பார்த்ததும் தெரிந்துவிட்டது:
குறுக்கே ஒரு சுற்று, அடியிலிருந்து மேலே,
நடுவில் செருகி ஓர் இழுப்பு.
சேணத்தின் வாரை முடிகிற அதே முடிச்சு.
அவனுக்குத் தெரிந்த ஒரே முடிச்சு.
சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினேன்.
அழுகிறேன் என்று நினைத்து
என் வக்கீல் கைக்குட்டை நீட்டினாள்.

டிரெய்லர் அவனுக்கு. ஜூனிபர் எனக்கு.
அவனுடைய சாம்பல் குதிரை அவனுக்கே.
சேணத்தை மட்டும் இருவரும் விடவில்லை.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தார்.
ஒரு வாரம் இவருக்கு, ஒரு வாரம் அவருக்கு.
ஞாயிறு மாலை டோலெஃப்சன் கொட்டகையில் வைக்க,
திங்கள் காலை மற்றவர் எடுக்க.
முகம் பார்க்கத் தேவையில்லை.

என் முதல் திங்கள்
வயிற்றுப்பட்டை தரையில் கிடந்தது,
வைக்கோல் தூசியில், கோழி எச்சத்தில்.
அதன் ஆட்டுமயிர்க் கயிறுகளுக்குள்
பதினேழு ஒட்டுமுட்கள்.
ஒன்று மிஞ்சினாலும் முன்னங்கால் மடிப்பில் புண் வரும்.
பதினேழையும் புகையிலை டப்பாவில் போட்டு
ஞாயிறு வரை வைத்திருந்து
சேணத்தின்மேல் வைத்தேன்.
பட்டையைத் தூக்கி வலப்பக்கக் கொக்கியில் மாட்டினேன்.
வாரை மடித்து முன்புறத் துளையில் செருகினேன்.
இப்படித்தான் வைக்க வேண்டும் என்று
எழுதியும் வைத்திருப்பேன். பேனா எழுதவில்லை.

டப்பா காலியாகத் திரும்பி வந்தது.
பட்டை தரையிலேயே.
அதற்கடுத்த முறை கொக்கியில் இருந்தது,
கோணலாக, ஆனால் கொக்கியில்.

சேணத்தின் கொம்பில் ஒரு வெட்டு உண்டு.
அது நான் செய்தது.
பின்பட்டையை மறந்து முன்பட்டையை அவிழ்த்தேன்.
சேணம் சரிந்து அடிவயிற்றுக்குப் போக,
சாம்பல் குதிரை வெறிகொண்டு
வேலிக்கம்பி வழியாகவே ஓடியது.
சேணம் தைப்பவரிடம் ஹால்வர் சொன்னான்:
"என் ஞாபகமறதி."
அன்றும் சரி, பிறகும் சரி,
சண்டையில்கூட அதை எடுத்ததில்லை.
நீதிமன்றத்தில் நான் இதைச் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை.

வலப்பக்க வாரில் ஏழு துளைகள்.
சாம்பல் குதிரை பீப்பாய்; அதற்கு ஆறாவது.
ஜூனிபருக்கு நான்காவது.
ஒவ்வொரு திங்களும் மாற்றுவேன், முணுமுணுத்துக்கொண்டே.
அக்டோபரில், முதல் உறைபனியன்று
மாற்றக் கையைக் கொண்டுபோனால்
பக்கிள் ஏற்கெனவே நான்காவதில்.
நீங்களா என்று டோலெஃப்சனிடம் கேட்டேன்.
"நான் பார்லி போடுகிறவன்" என்றார்,
"எனக்கு அதன் முன்பக்கம் எதுவென்றே தெரியாது."

மன்னிப்பு என்று இதைப் படிக்க மாட்டேன்.
தோலில் ஒரு துளை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு மாலை இறக்கினேன்.
பின்பட்டை முதலில். முன்னது பிறகு.
வாரை மடித்துச் செருகி
விளக்கை அணைக்கப் போனவள்
திரும்பி வந்து
விறைத்த விரலால் பக்கிள் நாக்கை நெம்பி
ஆறாவதில் போட்டேன்.
நான்காவதில் இறுக்கினால் அதற்கு மூச்சு முட்டும்.
குதிரைக்காகத்தான்.