பதிமூன்றில் ஒன்று

சமதளத்தில் ஒன்றும் சொல்வதில்லை வண்டி.
காவேரிப்பட்டணம் தாண்டி
மாந்தோப்பு நிழல்வரைக்கும் நல்ல பிள்ளை.
ராயக்கோட்டைச் சாலையில் மேடு ஏறியதும்,
பாதி மேட்டில்,
பின்னால் மாங்காய் லாரி ஹாரன் அடிக்கிற நேரம் பார்த்து
செத்துப்போகும்.

சத்தமில்லாத வண்டி
சாகும்போதும் சத்தம் போடுவதில்லை.
ஆக்சிலேட்டரை முறுக்குகிறேன்,
ஏற்கெனவே பிழிந்த துணியைப் பிழிவது போல.
சாவியை அணைத்து
முப்பது எண்ணித் திருப்பினால்
மீட்டரில் நான்கு கட்டம் பச்சை.
எதுவுமே நடக்காத முகம்.
இருநூறு அடி போவேன்.
மறுபடி.

மூன்று வாரமாக எல்லா மீட்டிங்குக்கும் பிந்தினேன்.
வசூலுக்கு வருகிறவன் வேர்த்து விறுவிறுத்து
வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதில்
குழுப் பெண்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.
"என்ன சார், உங்க வண்டியும் டியூவா?"

லண்டன்பேட்டையில் முனிரத்னாவின் கடை.
பேட்டரி கம்பெனியில் நான்கு வருடம் நின்றவள்.
கம்பெனிச் சட்டையைத்தான் இன்னும் போடுகிறாள்,
கம்பெனி பெயரின்மேல் கருப்பு டேப் ஒட்டி.
முதலில் பிரேக் பிடியின் சுவிட்சைக் கழற்றினாள்.
கை வைக்காமலே பிரேக் பிடித்ததாக
அது சில நேரம் பொய் சொல்லுமாம்.
சொல்லவில்லை.
கன்ட்ரோலரைப் புறங்கையால் தொட்டாள்,
காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
மோட்டாருக்குப் போகும் மூன்று வயரையும்
மோந்துகூடப் பார்த்தாள். கருகல் இல்லை.
பேட்டரியில் மீட்டரை வைத்தாள்:
ஐம்பத்திரண்டு வோல்ட்.

"நிக்கறப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும் சார்.
ஏத்தத்துல கேக்கணும்."

வயரை சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே இழுத்து
மடியில் மீட்டரோடு என் பின்னால் உட்கார்ந்தாள்.
கோட்டை மலைப் பக்கம் ஏறும் தெரு.
இறங்குகிற ஏலம்போல
காதோரம் எண்களைக் கூவிக்கொண்டே வந்தாள்.
ஐம்பத்தொண்ணு. ஐம்பது. நாப்பத்தெட்டு
என்னும்போது நின்றது.

திரும்ப உருட்டிக்கொண்டு வந்து
பேட்டரியின் மூடியைத் திறந்தாள்.
பழைய ஹீட்டர் காயிலைப் பாரமாகக் கொடுத்து
பதிமூன்று கட்டு செல்லையும் ஒவ்வொன்றாக அளந்தாள்.
மூன்று புள்ளி எட்டு. எட்டு. ஏழு. எட்டு.
நான் வாசலில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்பதாவதில் எண் சரிந்தது:
இரண்டு புள்ளி ஆறு.
"இதான்."

ஒன்று இறங்கினால் போதும்,
காவலுக்கு இருக்கும் போர்டு
மொத்தத்தையும் நிறுத்திவிடுமாம்,
மற்ற பன்னிரண்டில் எவ்வளவு மிச்சம் இருந்தாலும்.
"அதுக்கு அதான் ரூல்."

எனக்குத் தெரிந்த ரூல்.
ஒருத்தி கட்டும்வரை
மற்ற யாரும் பாயை விட்டு எழக் கூடாது.
டேப்லெட்டோடு வாசலை மறித்து நிற்பவன் நான்தான்.
சொசைட்டிக்குப் பால் ஊற்றும் நேரம் போகும்.
ஸ்கூல் வேன் ரோட்டில் நின்று ஹாரன் அடிக்கும்.
பன்னிரண்டு பேரும் கெம்பம்மாவைப் பார்ப்பார்கள்.
கெம்பம்மா பாயின் கோரையைப் பார்ப்பாள்.

"மத்ததெல்லாம் குடுக்குதில்ல,
இது மட்டும் ஏன் குடுக்கல?"
ஆபீஸில் பழகிய கேள்வி.
வாய் தானாகக் கேட்டுவிட்டது.

முனிரத்னா நிமிரவில்லை.
"யார் சொன்னா குடுக்கலன்னு?
வரிசையா கோத்தது சார்.
அது குடுக்கற அதே கரண்ட்டத்தான் இதுவும் குடுக்குது.
இதுங்கிட்ட இருக்கறது கம்மி.
மொதல்ல தீந்துடுது."

புதுக் கட்டு மாற்ற இரண்டாயிரத்து நானூறு.
பிரித்துத் தரலாமா என்றேன்.
அப்போதுதான் சிரித்தாள்.
"வாரமா, மாசமா?"

வெள்ளிக்கிழமை, மேடு முழுக்க
ஒரே மூச்சில் ஏறிவிட்டது வண்டி.
நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன்.
பாயில் பன்னிரண்டு பேர்.
ஒரு ஆள் அகலத்துக்குக் கோரை தெரிந்தது.
"ஆரம்பிக்கலாமா சார்?" என்றாள் லீடர்.

டேப்லெட் பையிலேயே இருந்தது.
வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி
சாவியை அணைத்துவிட்டு
எண்ண ஆரம்பித்தேன்.
முப்பது வந்தது.
முப்பத்தொன்று.