இருபது அடிக்கு ஒரு தட்டு

திருச்செங்கோட்டில், சங்ககிரி ரோட்டில்,
டயர் கடைக்கு மேல்மாடியில் என் ஆபீஸ்.
கீழே ரிக் வண்டி கிளம்பும்போதெல்லாம்
மானிட்டர் சித்தெ ஆடும்.

முதலில் எழுதினது சாம்பல் நிற ஜன்னல்.
சாம்பல் பொத்தான், சாம்பல் கட்டம்.
எஃப் டூ அடித்தால் புது போர்,
எஃப் நைன் அடித்தால் பில்.
கணக்கு எழுதும் மயிலாத்தாள்
திரையைப் பார்த்ததே இல்லை.
கேசிங் எட்டு, ராடு பதினேழு,
டேப், டேப், என்டர்.
கண் வவுச்சரில் இருக்கும், வாய்
யாரோடோ நோம்பிச் சீட்டு பேசும்.

பிறகு விண்டோஸ் மாறியது.
எழுத்தெல்லாம் கட்டத்துக்கு வெளியே வழிந்தது.
பழசை இனித் தாங்க மாட்டோமென
எங்கோ ஒரு கம்பெனி
ரொம்ப மரியாதையாக அறிவித்தது.
பிரவுசருக்குள் மாற்றி எழுதினேன்:
வெள்ளை, மெல்லிய நிழல், வளைந்த முனை.
முதல் நாள் மயிலாத்தாள்
எஃப் டூவை நாலு தடவை குத்திவிட்டு
"செத்துப் போச்சுங்களா?" என்றாள்.

அன்று ராத்திரி
பழைய சாவிகளை உள்ளே சொருகினேன்.
மெனுவில் இல்லை, கையேட்டில் இல்லை,
அவள் விரலுக்கு மட்டும் தெரியும்.

அப்புறம் போன்.
ஒரே நிரல், ரெண்டு வகைப் போனிலும் ஓடும் என்றார்கள்.
எங்கள் மலைமேல் நிற்பவரைக் கேட்டிருக்கலாம்:
வேட்டி எங்கே முடிந்து
சேலை எங்கே தொடங்குகிறது
என்பதில்தான் மொத்த வேலையும்.

ராடு இறங்க இறங்கத் தட்ட ஒரு பொத்தான்.
ஒரு தட்டு, இருபது அடி.
சுக்தேவுக்குத் தமிழ் வாசிக்க வராது,
அதனால் வார்த்தையே வைக்கவில்லை.
எண் மட்டும், திரையின் அடியில்,
கட்டைவிரல் எட்டும் இடத்தில்.

போன மாசம் போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
கீழ் விளிம்பு இனி அதற்குச் சொந்தமாம்.
வெள்ளகோயில் பக்கம் ஒரு காட்டில்
நாற்பத்தொரு ராடு இறங்கியிருக்க
முப்பத்தெட்டுதான் பதிவு.
அறுபது அடிக்குப் பணம் தர மாட்டேன்,
போனே சொல்லுது என்கிறார் காட்டுக்காரர்.

நானே போனேன்.
வெள்ளைப் புழுதி, கம்ப்ரசர் இரைச்சல்.
சுக்தேவ் விரல் முழுக்கச் சேறு.
முட்டியை மடக்கித் தட்டுகிறான்,
ஓரமாக, அவசரமாக,
அப்புறம் போனைத் தொடையில் துடைக்கிறான்.
நான் ஏசி அறையில் வரைந்த விரல்
இந்தக் காட்டில் யாருக்கும் இல்லை.
ரிக்கின் பக்கவாட்டில் சாக்பீஸ் கோடுகள்,
ஐந்தைந்தாகக் கட்டி, நாற்பத்தொன்று.
"ஏனுங் மேடம், இது என்ர பதிப்பு"
என்றார் தீர்த்தகிரி.
சிரிக்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எஃப் டூ ஞாபகம் வந்தது.
சேற்றுக் கைக்குத் தெரிய வேண்டியது
அழுத்தினால் அழுந்துகிற ஏதோ ஒன்று.
போனில் அப்படி மிச்சமிருப்பது
பக்கத்துச் சாவி: ஒலி கூட்ட, ஒலி குறைக்க.
குறைக்கிறதை அழுத்தினால் ஒரு ராடு.
கூட்டுகிறதை அழுத்தினால்
தப்பாகப் போட்டது அழியும்.
திரையில் ஐந்தைந்தாகக் கோடு.

ஒரு பாதி ஒத்துக்கொண்டது.
மறு பாதி திருப்பி அனுப்பியது:
ஒலிச் சாவி ஒலிக்கு மட்டுமே.
அந்தப் பாதிப் போன்
ரிக் முதலாளியிடம்தான் இருக்கிறது.
அவர் காட்டுக்கு வருவதில்லை.
இருந்தாலும் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்,
மூன்றாவது முறையாக,
அவர்கள் அளவுக்கு மரியாதையாக.

கீழே ஒரு வண்டி கிளம்புகிறது.
எழுத்து ஆடுகிறது. நிற்கட்டும் என்று
கையை எடுத்துக்கொள்கிறேன்.