இரண்டு மணி நாற்பது நிமிடம்

மூன்று நாளாகத் தீர்த்தம்மாளுக்கு நான்தான் போன் போட்டேன்.
ஒரே பதில்: "இன்னும் பதம் வரலை."
ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்து
உள்ளங்கையில் உருட்டிப் பார்க்கிறாளாம்.
முறுக்கு மாதிரி நீண்டால் வண்டியை இறக்காதே,
உடைந்து உதிர்ந்தால் வா.
நாலாம் நாள் விடியற்காலை அவளே கூப்பிட்டு
"உதிருது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கம்பைநல்லூர் சாலையை விட்டு இறங்கி
ஓடையைத் தாண்டினால் அவள் மேய்ச்சல் காடு.
ஒன்றேகால் ஏக்கர்.
சுற்றிலும் செம்மண் கிடக்க
இது மட்டும் ஏரி வண்டல் ஏறிய களி.
போன ஐப்பசி அடைமழையில்
ஆறு மாடும் அங்கேயே நின்றிருக்கின்றன.
பிறகு வெயில் வந்து
ஒவ்வொரு குளம்பையும் சுட்டு வைத்தது,
கிண்ணம் கிண்ணமாய்.
அதில் ஒரு கிண்ணத்தில்தான்
மாசியில் கறவைப்பசு கால் மடங்கி விழுந்தது.
அதற்குமேல் அவள் சொல்லவில்லை.
பால் சொசைட்டி அட்டையை நீட்டினாள்:
பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு,
பதினொன்று.

நான் வண்டி ஓட்டுகிறவன்,
நிலத்தை முதுகெலும்பால் படிப்பேன்.
முதல் சுற்றிலேயே தெரிந்தது
எந்த மாடு கனம், எது நொண்டி,
எங்கே ஈக்குப் பயந்து ஓடியது,
எங்கே நாளெல்லாம் அசைபோட்டு நின்றது.
சீட்டு ஸ்பிரிங் எல்லாவற்றையும் ஒப்பித்தது.

ஒன்பது கொழுவில் கீறி
ரோட்டவேட்டரை மேலாக்க விட்டு
பின்னால் பிளேடைத் தாழ்த்தி
மேட்டை வழித்துப் பள்ளத்தில் தள்ளினேன்.
கடைசியாக ஒரு தண்டவாளத் துண்டைச் சங்கிலியில் கட்டிக்
குறுக்கும் நெடுக்கும் இழுத்தேன்.
(அது எப்படிக் கிடைத்தது என்று
மொரப்பூரில் யாரும் கேட்பதில்லை.)

தீர்த்தம்மாள் நிலத்தைப் பார்க்கவில்லை,
என் வண்டியின் மணிக்கணக்கைப் பார்த்தாள்.
"நிறுத்து."

இரண்டு மணி நாற்பது நிமிடம்.
நூறும் ஐம்பதுமாய் மூவாயிரத்து இருநூறு.
வடகிழக்கு மூலையில்
ஒரு பந்தல் அகலத்துக்குக்
குளம்புக்குழிகள் அப்படியே கிடந்தன.
"பத்து நிமிஷம் சும்மா ஓட்டித் தரேன்" என்றேன்.
"சும்மா வேண்டாம்."

முயல்மசால் விதையை வெந்நீரில் போட்டு எடுத்தாள்.
விதைக்கு வெந்நீரா என்று கேட்டதற்கு
"அதுக்குத் தோல் கெட்டி" என்றாள்.
கொழுக்கட்டைப்புல் விதை பஞ்சு மாதிரி,
மூச்சு விட்டாலே பறக்கும்.
ஈரமணலில் பிசறி
காற்று அடங்கிய நேரமாய்ப் பார்த்து வீசினாள்,
உழாத மூலைக்கும் ஒரு கை.
அவள் மகன் பூவரசன்
இலந்தை முள்கொத்தைக் கயிற்றில் கட்டி
மேலே இழுத்துக்கொண்டு போனான்,
பள்ளிக்கூடச் சட்டையோடு.

கார்த்திகையில்
மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன்.
புல் முளைத்திருந்தது.
நான் சமன் செய்த இடமெல்லாம்
சீப்பு போட்ட தலைபோல் மெலிசாக, ஒழுங்காக.
நடுவில் இரண்டு கோடு மட்டும் கரும்பச்சை.
முதலில் புரியவில்லை.
வேலை முடித்து வெளியேறியபோது
என் பெரிய சக்கரம் அழுத்திய தடம்.
மேடுபள்ளம் நிரவ வந்தவன்
போட்டுவிட்டுப் போன பள்ளம்.
அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது.

அந்த மூலையிலோ
குழிக்கு ஒரு குத்தாகப் புல்,
இடுப்பைத் தொடும் உயரத்தில்.

தீர்த்தம்மாள் வரப்பில் அரிவாள் தீட்டிக்கொண்டிருந்தாள்.
மாடுகளை இன்னும் உள்ளே விடவில்லை,
அறுத்துத்தான் போடுகிறாள்.
"மூலையைப் பாத்தியா?"
"பாத்தேன்."
"அதுக்கு நீ காசு வாங்கலை."

சிரித்தபடி இறங்கி நடந்தேன்.
புல் அடர்த்தியில் தரை தெரியவில்லை.
ஐந்தாவது அடியில்
என் கணுக்கால் ஒரு குளம்புக்குள் போய்த் திரும்பியது.
அவள் தீட்டுவதை நிறுத்தினாள்.
"வர்ற ஆடியில்" என்றாள்,
"பத்து நிமிஷம் சேத்து வச்சிருப்பேன். வா."