இருபத்தைந்து நிமிடம்

ஐந்து ஐம்பது. பக்காவ் விமான நிலையம்.
ருமேனியாவின் இந்த மூலையில் பனி இன்னும் விலகவில்லை,
விமானமும் இன்னும் இறங்கவில்லை.
அதற்குள் வரிசையைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே
குளிரில் நிறுத்திவிட்டேன்.
ஏணி தரையைத் தொடும்போது
முதல் கால் அதன்மேல் இருக்க வேண்டும்.

நிற்கிற விமானம் தின்னும்.
பறக்கிறதுதான் சம்பாதிக்கும்.
நூற்றெண்பது பேரை இறக்கி
நூற்றெண்பது பேரை ஏற்ற
இருபத்தைந்து நிமிடம் தருகிறார்கள்.
முன்வாசலும் பின்வாசலும் திறந்திருக்கும்.
குப்பையைப் பணிப்பெண்களே பொறுக்குவார்கள்,
பெருக்கத் தனி ஆள் கிடையாது.

டூரினுக்கு டிக்கெட் நாற்பத்தொன்பது லெய்.
என் வீட்டிலிருந்து இங்கே வர டாக்சி அறுபது.
சுண்டைக்காய் கால் பணம்
சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே,
அதையே கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டார்கள்.
ஜன்னலோரம் காசு.
கணவன் பக்கத்தில் உட்காரக் காசு.
தண்ணீர் காசு.
சாயாத நாற்காலி மட்டும் டிக்கெட்டோடு சேர்த்தி.

என் கையில் இருப்பது ஓர் இரும்புச் சட்டம்.
நாற்பது, முப்பது, இருபது.
பை அதில் இறங்கினால் போகலாம்.
இறங்காத பை ஒவ்வொன்றுக்கும்
இருநூற்று நாற்பது லெய் அவர்களுக்கு,
ஐந்து லெய் எனக்கு.
போன குளிர்காலம் என் மகனின் பல்லுக்குக் கம்பி கட்டியது
அந்த ஐந்து ஐந்தாகச் சேர்ந்த பணத்தில்தான்.
சொல்லிவிட்டேன். அழிக்கப் போவதில்லை.

இன்று பரஸ்கீவா வந்தாள்.
வருஷத்துக்கு நான்கு முறை போகிறவள்.
டூரினில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும்
யாரோ ஓர் எஞ்சினியரைப் புரட்டிக் குளிப்பாட்டுகிறாள்.
அவள் பை சட்டத்தின் வாயில் சிக்கியது.
நான் கார்டு மெஷினை எடுத்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
ஜிப்பைத் திறந்தாள்.
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொன்று,
கழுத்தில் மூன்று சால்வை,
கோட்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செருப்பு,
கம்பளித் தொப்பிக்குள் பாலாடைக்கட்டி ஓர் உருண்டை.
வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.
பின்னால் நின்ற பையன் அவள் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

பை மெலிந்தது. அவள் பருத்தாள்.
மொத்தத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.
பை சத்தமில்லாமல் உள்ளே இறங்கியது.

மனிதருக்கு இன்னும் சட்டம் செய்யவில்லை.
செய்ய வேண்டும் என்று
மாதக் கூட்டத்தில் யாராவது சொல்லாமல் இருப்பதில்லை.

"ஏணி ஏற முடியுமா?" என்றேன்.
"ஏறாமல்?" என்றாள்.

இருபத்துமூன்றாம் நிமிடம் கதவு மூடியது.
இரண்டு நிமிடம் லாபம்,
யார் கணக்கில் ஏறியதோ.

சட்டத்தின் அடியில் ஓர் இடக்கைக் கையுறை கிடந்தது.
சுவரில் தொங்கும் கட்டணப் பட்டியலைப் பார்த்தேன்:
கண்டெடுத்த பொருளைத் திருப்பித் தர, பதினெட்டு லெய்.

என் கோட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.
ஏழு பத்துக்கு அடுத்தது.
வரிசையை வெளியே நிறுத்த வேண்டும்.