தியேட்டர் பிரிண்ட்

வெள்ளிக்கிழமை வெளியான படம்
சனிக்கிழமை மதியம் பள்ளத்தூர் வந்து சேர்ந்தது,
மகன் கதிரேசனின் பென்டிரைவில்.
"தியேட்டர் பிரிண்ட்தாம்மா, சுமாராத்தான் இருக்கும்.
நாலு வாரம் பொறுத்தா நல்லதா வரும்."
நாலு வாரம் பொறுக்கிற வீடா இது?

வழிகள் இல்லாமல் இல்லை.
சந்தா கட்டுவது கோலாலம்பூர்க் கொழுந்தனார்.
நாலு பேருக்கு என்று கொடுத்த கணக்கில்
ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.
அவர் வீட்டில் யாராவது உட்கார்ந்தால்
எங்களை வெளியே தள்ளிவிடும்.
அங்கே அவர்கள் தூங்கப் போனால்தான்
இங்கே எங்களுக்கு இரண்டாம் பாதி.
எதிர்வீட்டு லெட்சுமணன் வாடகைக்கு எடுப்பார்,
நூற்று நாற்பத்தொன்பது ரூபாய், நாற்பத்தெட்டு மணி நேரம்.
கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று
தெருவில் போகிறவரையெல்லாம் கூப்பிடுவார்.
அதுவும் இல்லையென்றால் பொங்கலுக்கு டிவியில் போடுவார்கள்,
விளம்பரங்களுக்கு நடுவே கொஞ்சம் படம்.

அன்றைக்குக் கிடைத்தது இது.
படம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
கதாநாயகனுக்கு நெற்றி இல்லை.
யாரோ எழுந்து வெளியே போனார்,
அவர் தலை கதாநாயகியின் கல்யாணத்தை
மணவறைக்குக் குறுக்கே கடந்து போனது.
ஒரு குழந்தை அழுதது. யாரோ அதை அதட்டினார்.
அதட்டியவரை வேறு யாரோ அதட்டினார்.

நாற்பத்தேழாவது நிமிடம்
மாமனார் ஏர்கூலருக்குத் திருநீறு பூசுகிறார்.
கொட்டகையே சிரித்தது.
சிரித்து ஓய்ந்தது.
அடுத்த வசனம் பாதி வந்தபிறகு
ஒரே ஒரு ஆள் சிரித்தான்.
மூக்கில் கிளம்பி, விக்கலில் தடுக்கி,
"ஐயோ" என்று உட்கார்ந்துவிடுகிற சிரிப்பு.

ரிமோட்டைப் பிடுங்கினேன்.
பத்து விநாடி பின்னால்.
இன்னொரு பத்து விநாடி.
மாவு கரைத்துக்கொண்டிருந்த கை,
பொத்தானெல்லாம் வெள்ளை.

சேவுகன்.
என் தம்பி.
பள்ளிக்கூட நாளிலிருந்தே
எந்தச் சிரிப்பும் அவனுக்கு
அடுத்த பஸ்ஸில்தான் வரும்.

பேசி இரண்டு வருடமும் நாலு மாதமும்.
அப்பச்சி போனபிறகு
கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாங்கட்டு அறைக்கு
அவன் ஒரு பூட்டுப் போட்டான்.
பெண்பிள்ளைக்கு ஏது அறை என்று கேட்டான்.
சட்டத்தில் இருக்கிறது என்றார் என் வக்கீல்.
அதற்கு மேலே நான் ஒரு பூட்டுப் போட்டேன்.
உள்ளே எட்டுப் பித்தளை அண்டா,
கால் உடைந்த ஒரு மேசை.
அவ்வளவுதான்.

"இது எந்த ஊர்த் தியேட்டர்டா?"
"யாருக்கும்மா தெரியும்? கோயமுத்தூரோ, பெங்களூரோ."
நான் ஓடவிட்டேன்.
இடைவேளை என்று எழுத்து விழுந்து
கேமரா அணைவதற்குள்
பின்னாலிருந்து ஒரு குரல்:
"சீயம், வெள்ளப் பணியாரம், சூடா."
பெங்களூர்க்காரன் இடைவேளையில்
வெள்ளைப் பணியாரம் தின்கிறானா என்ன?
காரைக்குடிதான். பத்தே கிலோமீட்டர் சொச்சம்.

திரும்ப நாற்பத்தேழுக்குப் போனேன்.
"ஏன் ஒரே இடத்தில நிக்குது?"
உள்ளேயிருந்து நாச்சியப்பன்.
"பஃபரிங்" என்றேன்.
பென்டிரைவில் இருக்கும் படம் பஃபர் ஆகாது.
அது அவருக்கும் தெரியும்.
மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

நாலு வாரம் கழித்து நல்லது வந்தது.
கோலாலம்பூர் தூங்கியபிறகு பார்த்தோம்.
நெற்றி திரும்பக் கிடைத்திருந்தது.
ஏர்கூலரின் கம்பெனிப் பெயர்கூடப் படிக்க முடிந்தது.
மாமனார் திருநீறு பூசினார்.
நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.
சிரித்து முடித்து
நான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.
வசனம் முடிந்தது.
அடுத்த காட்சியில் மழை பெய்தது.

"பழச அழிச்சிரவா? எடத்த அடைக்குது."
"இருக்கட்டும்."
"அதான் நல்ல பிரிண்ட் வந்துருச்சே?"
"இருக்கட்டும்டா."

வியாழக்கிழமை வாய்தா.
தேவகோட்டைக் கோர்ட், பத்தரை மணி.
எதிர்ப்பக்கம் நிற்பான்,
என்னைப் பார்க்காதபடி
காற்றாடியைப் பார்த்துக்கொண்டு.
பையில் எடுத்து வைத்தாயிற்று:
பத்திர நகல், ஆதார் அட்டை,
தண்ணீர் பாட்டில்,
பூட்டுச் சாவி.
சாவி வளையத்திலேயே
பென்டிரைவும் தொங்குகிறது.
கழற்றலாமா என்று பார்த்தேன்.
நகம்தான் வலித்தது.