மாதிரிக் குப்பி

மூடி நீலம்.
ஒட்டிய தாளில் என் கையெழுத்து:
வெண்டல் ஃப்ரீஸன், பன்னிரண்டாம் வாரம்.

வழக்கறிஞர் அதை மேசைமேல் கவிழ்க்கிறார்.
நான்கு போல்ட், ஒரு வாஷர்.
அறுவடை இயந்திரத்துடையதாம்.

நினைவூட்டினீர்களா?
இரண்டு கடிதம். ஒரு போன்.
போனில் காற்று இரைந்தது.
கனோலா முடியட்டும், வந்துவிடுகிறேன் என்றார்.
கனோலா முடிந்தது. பிறகு பனி.
மடியில் ஒரு குப்பி இருந்தால்
சாஸ்கடூன் வரை இருநூறு கிலோமீட்டரும் கூச்சம்தான்.
(இதை நான் சொல்லவில்லை.
கேட்டதற்கு மட்டும் பதில் என்று
சொல்லி அனுப்பியிருந்தார்கள்.)

மூன்றாவது கடிதம்?
அனுப்பவில்லை.
தட்டச்சு செய்பவருக்கு
அந்தச் சொல் ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை.

ஒப்புதல் படிவம், ஏழாம் பத்தி:
பரிசோதனை முடிவு வரும்வரை
கருத்தடை ஆனதாகக் கொள்ளக் கூடாது.
அடியில் அவர் பெயர்,
வண்டியை அணைக்காமல் வந்தவர் போட்டது போல.

வெளியே நடைவழியில்
லொரெய்ன் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிறாள்.
ஏப்பம், நன்றாகவே கேட்கிறது.
நாங்கள் எல்லோரும் தாள்களைப் பார்க்கிறோம்.
வெண்டல் மட்டும்
கதவைப் பார்த்துச் சிரித்துவிடுகிறார்.

அவருடைய வழக்கறிஞர்
இருமுகிறார்.