கட்டபெட்டு வளைவில் நாற்பது நிமிடம்

சாக்கு எடையை நம் செயலி
இரண்டு தடவை கழிக்கிறது என்று
ஷெரின் சொன்னது கேட்டது.
அடுத்துச் சொன்னது கேட்கவில்லை.
கட்டபெட்டு தாண்டிய வளைவில்
சிக்னல் ஒரு கோடும் இல்லை.

எதிரே, நடுச்சாலையில்,
வெள்ளைக் காலுறை மாட்டிய கால்களோடு
ஒரு காட்டெருமை.
யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதது.

ஹார்ன் மட்டும் அடிச்சிராதீங்க மேடம் என்கிறார்
முன்னால் நிற்கும் பால் வண்டிக்காரர்.
அடிக்கவில்லை.
விரல்கள்தான் ஸ்டியரிங்கில்
தட்டச்சு செய்துகொண்டிருக்கின்றன.

மனசுக்குள் அந்தக் கோப்பை நானே திறக்கிறேன்,
நானே தேடுகிறேன், நானே திருத்துகிறேன்.
ஆறு வருடமாய் அப்படித்தான்.
தாஜுதீன் கொஞ்சம் தடுமாறினால்
"நகரு" என்று
அவன் நாற்காலியில் பாதி உட்கார்ந்துவிடுவேன்.
வேலை முடிந்துவிடும்.
அவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி நிற்பான்,
பஸ்ஸில் இடம் பறிகொடுத்தவன் போல.

இதற்கு உதவி என்று பெயர் வைத்திருந்தேன்.

மணி ஐந்து ஐம்பது.
ஆறு மணிக்கு
நானூற்றுச் சொச்சம் தேயிலை விவசாயிகளுக்குப் பணம் போகும்,
சாக்குக்கு ஒரு கிலோ குறைவாக.
அந்த ஒரு கிலோ எவ்வளவு என்று
எங்களில் போஜராஜுக்குத்தான் சரியாகத் தெரியும்.
அவன் வீட்டுக்கும் அரை ஏக்கர் இருக்கிறது,
அதே செயலியில் கணக்கும்.

பனி இறங்கி
எருமையின் முதுகை அழித்தது. பிறகு கொம்பை.
மெல்லும் சத்தம் மட்டும் மிச்சம்.

ஆறு இருபதுக்கு நகர்ந்தது.
என் பொருட்டு அல்ல.
அந்தப் பக்கம் புல் நன்றாக இருந்திருக்கும்.

கோத்தகிரியில், வர்க்கிக் கடை மாடியில் எங்கள் ஆபீஸ்.
படியேறும்போதே சிரிப்புச் சத்தம்.
பணப் பட்டுவாடாவை நிறுத்தியிருந்தார்கள்,
என் அனுமதி இல்லாமல்.
நாளைக் காலை பத்து மணிக்கு வந்துவிடும் என்று
சங்கத்துக்குப் போன் போட்டு
படுகில் பேசி முடித்திருந்தான் போஜராஜ்.
தாஜுதீன் திருத்த
வரிவரியாய்ச் சரிபார்த்திருந்தாள் ஷெரின்.
எனக்கென்று இரண்டு வர்க்கி
தாளில் சுற்றி வைத்திருந்தது.

ரொம்ப நல்லது என்றேன்.
உள்ளே எங்கோ சுருக்கென்றது.
என்னை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று
கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.
ஒரே ஒரு முறை,
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு.

அறிக்கையும் எழுதியிருந்தார்கள்:
'புதிய எடைமேடை வந்தபோது
பழைய கழித்தல் நீக்கப்படவில்லை.
இதைப் பிடிக்கும் சோதனை நம்மிடம் இல்லை.'
எந்த வாக்கியத்திலும் ஆள் இல்லை.
ஒரு தட்டுத் தட்டியிருந்தால் வந்திருக்கும்:
மார்ச் மாதம், இரவு பதினொன்றே கால்,
என் பெயர்.
தட்டாமலா இருந்திருப்பார்கள்.
மூவரும் இப்போது
வர்க்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது நான் எழுதினது."

"தெரியும்" என்றான் தாஜுதீன்.
"கொஞ்சம் நகருங்க மேடம்,
டெஸ்ட் எழுதணும்."

அப்போதுதான் பார்த்தேன்,
அவன் நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்தேன்.

எழுந்து நின்றேன்.
இங்கிருந்து பார்க்கத் திரை சின்னதாகத் தெரிகிறது,
பாதி வரிகள் புரியவில்லை.
கேட்க நினைத்து, கேட்காமல்,
வர்க்கித் தூள் அவன் விசைப்பலகையில் விழாதபடி
இடது கையை ஏந்திக்கொண்டு தின்றேன்.